கிராமத்து வீட்டுக்கு மின்சாரக் கார்: முதலில் பிளக்கைப் பாருங்கள், பிறகு மாடலை

ஷோரூமுக்குப் போகும் முன் ஒரு சோதனை. இரவு ஏழு மணி, தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கும் மோட்டாரும் ஓடும் நேரம். கார் நிற்கப்போகும் இடத்துக்குப் பக்கத்துப் பிளக்கில் அயர்ன் பாக்ஸைப் போட்டுவிட்டு, கம்பியாளரை மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 210 வோல்ட்டுக்கு மேல் நின்றால் கவலையில்லை. 190-க்குக் கீழே இறங்கினால் எந்தக் காரை வாங்கினாலும் தொல்லைதான்.

காரணம் எளிது. காரோடு வரும் சார்ஜர் 15 ஆம்பியருக்கு மேல் இழுக்காது. 230 வோல்ட்டில் அது சுமார் 3.4 கிலோவாட். அதே ஆம்பியர் 180 வோல்ட்டில் 2.7 கிலோவாட்தான் தரும். ஒன்பது மணி நேரத்தில் முடிய வேண்டிய சார்ஜ் பதினொன்றைத் தாண்டும். வோல்ட்டேஜ் இன்னும் விழுந்தால் சார்ஜர் பாதியில் நின்றுவிடும், காலையில்தான் தெரியவரும். டிரான்ஸ்பார்மரிலிருந்து கடைசியில் இருக்கும் வீடுகளுக்கு இது அடிக்கடி நேரும். ஸ்டெபிலைசர் வாங்க ஓடாமல், பளு குறைந்த பேஸுக்கு இணைப்பை மாற்றித் தர மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

அடுத்தது எர்த். பழைய ஓட்டு வீடுகள் பலவற்றில் பிளக்கின் மூன்றாவது துளை வெறும் துளைதான், பின்னால் கம்பியே இருக்காது. மிக்சியும் மின்விசிறியும் அதைப் பொருட்படுத்தாமல் ஓடும், கார் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டி மறுத்துவிடும். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவிலும் 230-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் இருந்தால் சரிபார்க்க வேண்டும். கோடையில் எர்த் குழி காய்ந்தாலும் இதே கோளாறு வரும், தண்ணீர் ஊற்றி வாருங்கள்.

காருக்கென்று மெயின் போர்டிலிருந்து தனி ஒயர் இழுக்க வேண்டும். 4 சதுர மி.மீ. செம்பு, 20 ஆம்பியர் எம்சிபி (மின்சாரம் மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்), நல்ல கம்பெனியின் 16 ஆம்பியர் பிளக் பாயின்ட். வீட்டிலிருந்து 30 மீட்டர் தள்ளிக் கொட்டகை இருந்தால் இந்த ஒயரில் 4 வோல்ட்தான் குறையும். மிச்சம் பிடிக்க 1.5 சதுர மி.மீ. போட்டால் 11 வோல்ட் குறையும். அது அத்தனையும் இரவு முழுவதும் ஒயரைச் சூடாக்கும். பிளக் உருகுவதும் பெரும்பாலும் இதனாலும், தளர்ந்த திருகினாலும்தான்.

இலவச மின்சாரம் வரும் பம்புசெட் இணைப்பில் காரைச் செருகவே கூடாது. மின்சாரச் சட்டம் 126-வது பிரிவில் அது அங்கீகாரமில்லாத பயன்பாடு. இரு மடங்கு கட்டணம் போடுவார்கள்.

வீட்டு இணைப்பிலும் ஒரு கண்ணி உண்டு. இரண்டு மாதத்துக்கு 250 யூனிட் எரியும் வீட்டுக்கு, 2024 ஜூலை கட்டணப்படி, 470 ரூபாய் வரும். மாதம் 1,000 கி.மீ. ஓட்டினால், சார்ஜ் இழப்பும் சேர்த்து, இரண்டு மாதத்தில் 285 யூனிட் கூடும். மொத்தம் 535, பில் ஏறக்குறைய 2,330. கி.மீ.க்கு ஒரு ரூபாய்கூட ஆகவில்லை, மலிவுதான். ஆனால் சரியாக 500-இல் நின்றிருந்தால் பில் 1,805. 500-ஐத் தாண்டியதும் முந்தைய யூனிட்டுகளில் சிலவற்றின் விலையும் ஏறிவிடுவதால், கடைசி 35 யூனிட்டுக்கு மட்டும் 530 ரூபாய் போகிறது. எல்லைக்கோட்டில் நிற்கும் வீடு என்றால் கூரையில் சோலார் போடுவதைச் சேர்த்தே யோசியுங்கள். 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய்.

இனி மாடல். விளம்பரத்துக் கிலோமீட்டரை மறந்துவிட்டு, மாதம் ஒருமுறையாவது போய் வரும் மிகத் தொலைவான ஊரை எடுத்துக் கொள்ளுங்கள். மன்னார்குடிக்குப் பத்து கி.மீ. உள்ளே இருக்கும் ஒரு குடும்பம். தினசரி ஓட்டம் கடைத்தெருவும் பள்ளிக்கூடமும், 40 கி.மீ. தஞ்சாவூர் போய்வந்தால் நூற்றுக்குச் சற்றுக் குறைவு. திருச்சி ஆஸ்பத்திரி என்றால் போக வர 210.

டாடா டியாகோவில் பெரிய பேட்டரி 24 யூனிட். நான்கு பேர், ஏசி, 80 கி.மீ. வேகம் என்றால் யூனிட்டுக்கு எட்டு கி.மீ. வைத்துக் கொள்ளலாம், ஆக 190. அவசரத்துக்கு 15 சதவீதம் ஒதுக்கினால் 160. தஞ்சாவூருக்குத் தாராளம். திருச்சிக்கு வழியில் ஒருமுறை வேகச் சார்ஜ் போட வேண்டும். 10-லிருந்து 80 சதவீதம் ஏற ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் உங்களுக்கு ஒத்துவருமா என்பதுதான் கேள்வி. ஒத்துவராதென்றால் 2024-இல் வந்த டாடா பன்ச்சின் 35 யூனிட் பேட்டரி, யூனிட்டுக்கு ஏழரை கி.மீ. வைத்தாலும், ஒதுக்கியது போக 220 தரும். 19.2 யூனிட் டியாகோவை விலை பார்த்து எடுப்பவர்கள் ஓராண்டில் வருந்துவார்கள் என்பது எங்கள் கருத்து. பேட்டரியைப் பிறகு பெரிதாக்க முடியாது.

எம்ஜி காமெட் மலிவு, நிறுத்த இடமும் குறைவு. ஆனால் 17.3 யூனிட்தான், டிசி வேகச் சார்ஜ் (வழியிலுள்ள நிலையங்களில் போடுவது) கிடையாது, 12 அங்குலச் சக்கரம், பின்சீட்டில் ஆள் உட்கார்ந்தால் ஒரு அரிசி மூட்டைக்கு இடமில்லை. வீட்டில் வேறொரு கார் இருந்தால் மட்டும் நினைத்துப் பாருங்கள். பேட்டரியை வாடகைக்கு எடுக்கும் திட்டத்தில் கி.மீ. வாடகையையும் (2024-இல் இரண்டரை ரூபாயில் தொடங்கியது) மாதக் குறைந்தபட்சத்தையும் எழுத்தில் வாங்குங்கள். அதிகம் ஓட்டுபவருக்கு அது லாபமில்லை.

பேட்டரி தரைக்கு அடியில் இருக்கிறது. டியாகோவின் தரை இடைவெளி 166 மி.மீ., பன்ச்சுக்கு 190. வண்டிப்பாதையின் நடுமேடு, ஊர்க்காரர்கள் போட்ட உயரமான வேகத்தடை, வாய்க்கால் மதகு என்று தினமும் ஏறி இறங்குபவருக்கு இந்த 24 மி.மீ. பெரிய வித்தியாசம். கல் குத்தி பேட்டரிப் பெட்டி நசுங்கினால் 8 ஆண்டு உத்தரவாதம் கைகொடுக்காமல் போகலாம். காப்பீட்டில் பேட்டரிக்குத் தனிச் சேர்க்கை இருக்கிறதா என்று கேளுங்கள்.

பக்கத்துச் சர்வீஸ் சென்டரில் உயர் மின்னழுத்தப் பயிற்சி பெற்ற ஆள் இருக்கிறாரா என்பதையும் நேரில் போய்த் தெரிந்து கொள்ளுங்கள். வழியில் நின்றால் டிராக்டரில் கயிறு கட்டி இழுக்கக் கூடாது. சக்கரம் சுழன்றால் மோட்டார் மின்சாரம் உண்டாக்கிக் கெடலாம். நான்கு சக்கரமும் ஏறும் தட்டு லாரிதான் வேண்டும். வெளியூர் போய் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் சிறிய 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிடும்; பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் கார் உயிர் பெறாது. வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள், எலி ஒயரைக் கடிக்கும்.

முன்பணம் கட்டும் முன் டெஸ்ட் டிரைவ் காரை உங்கள் ஊருக்கே வரச் சொல்லுங்கள். நான்கு பேர் ஏறி, உங்கள் வேகத்தடையில் ஏற்றி, அடி உரசும் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். பிறகு அந்தக் காரின் சார்ஜரை உங்கள் பிளக்கிலேயே ஒரு மணி நேரம் போட்டு, பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத அளவு சூடானால் முதலில் ஒயரை மாற்றுங்கள், காரை அடுத்த மாதம் வாங்கலாம்.