நகர மறுத்த கோலங்கள்

அத்தையின் கோல நோட்டை லிப்ரேஆபீஸ் ரைட்டர் என்ற இலவச எழுத்துச் செயலியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். முப்பது பக்கம், பக்கத்துக்கு ஒரு படம். எல்லாம் முடிந்த பிறகு, "முன்னுரை வேணுமேடா" என்றார். சேர்த்தேன். எழுத்தெல்லாம் ஒரு பக்கம் தள்ளிப் போனது. படங்கள் மட்டும் இருந்த இடத்திலேயே. '15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி' என்ற வரிக்குக் கீழே ஏதோ ஒரு சிக்குக் கோலம்!

தப்பு என்னுடையதுதான். படம் ஆடாமல் நிற்கட்டும் என்று எல்லாவற்றுக்கும் ஆங்கரை, அதாவது படம் எதோடு ஒட்டி நிற்க வேண்டும் என்ற அமைப்பை, 'டு பேஜ்' என்று வைத்திருந்தேன். அப்படி வைத்தால் படம் பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும், எழுத்தோடு வராது. அது தெரியாமல் ஒரு ராத்திரி முழுக்க ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டது தனிக் கதை.

அப்புறம் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, ஆங்கரில் 'ஆஸ் கேரக்டர்' என்று மாற்றினேன். இப்போது படமும் ஓர் எழுத்து மாதிரி, வரியில் உட்கார்ந்துவிடும். தலைப்பு வரிக்கு 'கீப் வித் நெக்ஸ்ட் பாராகிராப்' கொடுத்ததும் தலைப்பும் கோலமும் பிரியவில்லை.

இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டேன். கேப்ஷன் போட்ட படம் ஒரு சட்டகத்துக்குள் இருக்கும். அங்கே சட்டகத்தின் ஓரத்தைக் கிளிக் செய்து அதன் ஆங்கரை மாற்ற வேண்டும். இன்னொரு படம் கீற்றாக மட்டும் தெரிந்தது. அந்தப் பத்தியின் வரி இடைவெளி 'பிக்ஸ்ட்' (மாறாத அளவு) ஆக இருந்தது. 'சிங்கிள்' ஆக்கியதும் கோலம் முழுசாக வந்தது.

அத்தை இப்போது பின்னுரையும் வேண்டும் என்கிறார். எழுதட்டும்.