திருமலையில் வரைபட ஓட்டமா? முதலில் வாசலைத் தேடுங்கள்

ஓரியண்டியரிங் என்பது வரைபடமும் திசைகாட்டியும் வைத்துக் குறித்த புள்ளிகளைத் தேடி ஓடும் போட்டி. அது நகருக்குள் நடக்கும்போது ஓட்ட வேகத்தைவிட வழித்தேர்வுதான் நேரத்தை மிச்சப்படுத்தும். இந்தக் குறுந்தூர ஓட்டத்துக்கான ஸ்பிரின்ட் வரைபடத்தின் அளவுத்திட்டம் பெரும்பாலும் 1:4000. அதில் 1 சென்ரிமீற்றர் தரையில் 40 மீற்றர். தடித்த கறுப்புக் கோடு கடக்கக்கூடாத சுவர். ஏற முடிந்தாலும் ஏறக்கூடாது, தகுதிநீக்கம்தான். ஒலிவ் பச்சை என்றால் வீட்டு வளவுபோல நுழையக்கூடாத இடம்.

பழகிப்பார்க்கத் திருகோணமலையின் பிரட்றிக் கோட்டைப் பக்கம் அருமையான இடம். உள்ளே இருக்கும் புள்ளி வரைபடத்தில் கிட்டத் தெரியும், ஆனால் வாசலால்தான் போகவேண்டும். ஆகவே புள்ளியிலிருந்து பின்னோக்கி வாசல்வரை வழியைப் பாருங்கள், அப்புறம் ஓடுங்கள். இரு பக்கமும் கடல் என்பதால் கடலை வைத்துத் திசை பிடிக்காதீர்கள், திசைகாட்டியை நம்புங்கள். இராணுவப் பகுதிக்குள் போகவேண்டாம். கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு வழிவிடுங்கள், மான்களுக்கும்தான்.