மதப் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பாலியல் பாதுகாப்பு உதவி: வன்னியில் தொடங்குபவர்களுக்கு

கன்னியர்மடப் பாடசாலை, அறநெறிப் பாடசாலை, மத்ரஸா ஆகியவற்றோடு புதிதாக வேலை தொடங்கும் ஆசிரியர்களுக்கும் தொண்டர்களுக்கும் இது. ஆணுறையைப் பாடசாலைக்குள் கொண்டு போகாதீர்கள். பாடசாலையில் அறிவைக் கொடுங்கள், மருந்தும் சாதனமும் கிளினிக்கில் கிடைக்கட்டும். இரண்டுக்கும் இடையில் பிள்ளை பயமில்லாமல் போய்வர வழி செய்வதுதான் உங்கள் வேலை.

1. அனுமதி

செயற்கைக் கருத்தடையைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்பதில்லை. ஆகவே பாதரிடமோ சிஸ்டரிடமோ அதற்குச் சம்மதம் கேட்டால் அவர்களால் ‘ஓம்’ சொல்ல முடியாது. வளரிளம் பருவச் சுகாதார வகுப்புக்கு நேரம் கேளுங்கள். உதவி கேட்கும் பிள்ளையைச் சுகாதாரப் பகுதிக்கு அனுப்பத் தடை சொல்வதில்லை என்ற வாக்கையும் கேளுங்கள். மௌலவிமாரில் பலர் திருமணத்துக்குள் தற்காலிகக் கருத்தடையை ஏற்பவர்கள். பேச்சை அங்கிருந்து தொடங்கலாம். எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்திலிருந்து ஒருவரைக் கூட்டிப் போனால் கதவு விரைவாகத் திறக்கும்.

2. வகுப்பு

ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனியாக வையுங்கள். எல்லோருக்கும் ஒரே அளவு துண்டுக் கடதாசி கொடுங்கள். கேள்வி இல்லாதவரும் ‘கேள்வி இல்லை’ என்று எழுதி மடித்துப் போட வேண்டும். அப்போது யார் எழுதினார், யார் எழுதவில்லை என்று தெரியாது. வகுப்பாசிரியருக்குக் கையெழுத்து பிடிபடும். அதனால் வெளியாளே வாசித்து, துண்டுகளைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

3. வயது

இலங்கையில் 16 வயதுக்குக் குறைந்த பெண்பிள்ளையுடன் உறவு கொள்வது, அவள் சம்மதித்திருந்தாலும் வல்லுறவுக் குற்றம். ‘ஒருவருக்கும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ‘உனக்கு ஆபத்து என்றால் மட்டும் இன்னொருவரிடம் சொல்ல வேண்டி வரும்’ என்று பிள்ளை வாய் திறக்கும் முன்னரே சொல்லிவிடுங்கள். வற்புறுத்தல் நடந்திருந்தால் சிறுவர் உதவி இலக்கம் 1929.

4. முறைகள்

இங்கே சொல்லும் முறைகளில் பாலியல் நோயையும் கர்ப்பத்தையும் சேர்த்துத் தடுப்பது ஆணுறை மட்டுமே. வன்னி வெயிலில் மோட்டார் சைக்கிள் சீற்றுக்குள்ளோ பேர்ஸுக்குள்ளோ கிடந்த ஆணுறை கிழியும். தேங்காயெண்ணெயும் வாசலினும் லேற்றெக்ஸை நலிவாக்கும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போடுவதும் பிழை. திகதியைப் பார்த்து, விரலால் கிழிக்கச் சொல்லுங்கள். பல், கத்தரிக்கோல் வேண்டாம்.

கருத்தடை மாத்திரையை நாளும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியில் மறதிப் பிரச்சினை குறைவு, ஆனால் மாதவிடாய் ஒழுங்கு மாறும், சிலருக்கு நின்றும் போகும். மகளின் மாதவிடாய் நாளைக் கணக்கு வைத்திருக்கும் அம்மா இதைக் கண்டு கலங்கிப் போவார். பிள்ளைகள் ஊசியைப் பாதியில் விடுவதற்கு இதுவும் ஒரு காரணம். முதல் ஊசிக்கு முன்பே பிள்ளையிடம் இதை விளக்கிவிடுங்கள்.

அவசரக் கருத்தடை மாத்திரை (லெவோநோர்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம்) உறவுக்குப் பின் 72 மணித்தியாலத்துக்குள் நன்றாக வேலை செய்யும், பிந்தப் பிந்தப் பலன் குறையும். விழுங்கி இரண்டு மணித்தியாலத்துக்குள் வாந்தி வந்தால் திரும்ப எடுக்க வேண்டும். ஏற்கெனவே தங்கிய கருவை இது கலைக்காது. மதப் பாடசாலையில் முதலில் வரும் கேள்வியே இதுதான், தெளிவாகப் பதில் சொல்லுங்கள்.

5. அனுப்புதல்

ஊர் மிட்வைஃப் பிள்ளையின் அம்மாவையும் அறிந்தவர். அதனால் பக்கத்துப் பிரிவுக் கிளினிக்கையோ நகர வைத்தியசாலையையோ தெரிவு செய்ய விடுங்கள். கர்ப்பிணித் தாய்மார் கிளினிக் நாளைத் தவிருங்கள்; வரிசையில் சித்தியோ மாமியோ இருப்பார். கிளினிக் அட்டை புத்தகப் பையில் அகப்படுவது வழக்கம், அதைக் கிளினிக்கிலேயே வைத்திருக்க முடியுமா என்று கேளுங்கள். பஸ் நேரத்தையும் திரும்பி வரும் காசையும் முதலே பாருங்கள்.

பாதுகாப்பில்லாத உறவு சனிக்கிழமை நடந்திருந்தால் திங்கள் வரை காத்திருக்க வேண்டாம். எச்.ஐ.வி. தொற்றியிருக்கலாம் என்ற பயம் இருந்தால் தடுப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். வைத்தியசாலை அவசரப் பிரிவுக்கே நேராகக் கூட்டிப் போங்கள். கர்ப்பப் பரிசோதனையை உறவு நடந்து மூன்று வாரம் கழித்துச் செய்யுங்கள். அதற்கு முன் ‘இல்லை’ என்று வரும் முடிவை நம்ப முடியாது.