முதல் சோப்பு எங்கே கெடுகிறது? புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேங்காய் எண்ணெய், பால், தேன், மஞ்சள் என்று சமையலறையில் இருப்பதை வைத்தே சோப்பு செய்யலாம் என்று கேள்விப்பட்டதும் பலருக்கும் ஆசை வந்துவிடும். செய்யலாம், நன்றாகவும் வரும். ஆனால் சமையலில் நமக்குக் கைகொடுக்கும் பழக்கங்கள் சோப்பு விஷயத்தில் காலை வாரிவிடும். கண்ணளவில் போடுவது, இது இல்லையென்றால் அது என்று மாற்றிக்கொள்வது, கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை என்று விடுவது எல்லாம் இங்கே செல்லாது. புதியவர்களின் தவறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

ஒரு அடிப்படையை மட்டும் முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயும் வலுவான ஒரு காரமும் வினைபுரிந்து முற்றிலும் வேறொரு பொருளாக மாறுவதுதான் சோப்பு. கூடவே கிளிசரினும் உருவாகிறது. கட்டி சோப்புக்கு அந்தக் காரம் சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா. சரியான அளவில் போட்டு வினை முழுமையாக முடிந்துவிட்டால் சோப்பில் காஸ்டிக் சோடா மிஞ்சாது. மற்றதெல்லாம், மஞ்சளோ தேனோ வாசனையோ, இந்த வினைக்கு மேல் போடும் அலங்காரம்.

காஸ்டிக் சோடாவுக்குக் குறுக்குவழி தேடுவது

"அது தோலைப் பொசுக்கிவிடுமாமே, அதற்குப் பதிலாகச் சமையல் சோடா போடலாமா?" என்ற கேள்வி தவறாமல் வரும். போட முடியாது. சமையல் சோடா மிக பலவீனமான காரம். எண்ணெயோடு எவ்வளவு நேரம் கலக்கினாலும் பிசுபிசுப்பான கலவைதான் கிடைக்கும். கொஞ்ச நேரத்தில் எண்ணெய் தனியாகப் பிரிந்து மேலே வந்துவிடும். வாஷிங் சோடாவுக்கும் இதே கதிதான்.

சாம்பல் தண்ணீரில் சோப்பு செய்யலாம் என்பது உண்மை. பல நூற்றாண்டுகள் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் மரச்சாம்பலில் இருந்து வருவது பொட்டாசியம் சார்ந்த காரம் என்பதால் கிடைப்பது இறுகாத, கூழ் போன்ற சோப்பு. அதைவிடப் பெரிய சிக்கல், அந்தத் தண்ணீரில் காரம் எவ்வளவு இருக்கிறது என்று வீட்டில் கணக்கிட வழியில்லை என்பது. முதல் முயற்சிக்கு அது வேண்டாம்.

காஸ்டிக் சோடாவைத் தொடவே பயமாக இருந்தால் ரெடிமேட் சோப் பேஸ் வாங்கி உருக்கி ஊற்றுங்கள். அதில் வினை ஏற்கெனவே முடிந்திருக்கும். சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு என் தேர்வும் அதுதான். அதிலும் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, கொதிக்கவிடுவது, மெல்லிய சூட்டில் உருகினால் போதும், கொதித்தால் ஈரம் போய்க் கெட்டியாகி நிறமும் மாறும். மற்றொன்று, அரைத்த கற்றாழை, பழக்கூழ், பால் என்று பச்சைப் பொருட்களை ஊற்றுவது. சில நாட்களில் பூஞ்சை பிடித்துவிடும்.

காஸ்டிக் சோடா வாங்குகிறீர்கள் என்றால், அடைப்பு நீக்கும் பொடியை எடுத்துவராதீர்கள். சிலவற்றில் அலுமினியத் துகள்களும் வேறு பொருட்களும் கலந்திருக்கும். சோடியம் ஹைட்ராக்சைடு மட்டுமே இருப்பதாகவும், தூய்மை 97 சதவீதத்துக்குக் குறையாததாகவும் லேபிளில் இருக்க வேண்டும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வேறு. அது திரவ சோப்புக்கானது. மூடி சரியாக மூடாமல் நெடுநாள் கிடந்த டப்பாவும் உதவாது. காற்றில் உள்ள ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்து அது வீரியம் குறைந்திருக்கும்.

அளவில் கோட்டை விடுவது

கெட்டுப்போன சோப்பின் கதையைக் கேட்டால் பெரும்பாலும் இங்கேதான் வந்து நிற்கும், அதனால் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

ஒவ்வொரு எண்ணெய்க்கும் தேவைப்படும் காஸ்டிக் சோடா வேறு. 1 கிராம் தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாற சுமார் 0.183 கிராம் வேண்டும். ஆலிவ் எண்ணெய்க்கு 0.135, விளக்கெண்ணெய்க்கு 0.128. இப்போது 350 கிராம் ஆலிவ் எண்ணெயும் 150 கிராம் தேங்காய் எண்ணெயும் எடுத்துக்கொள்வோம். முதலாவதற்கு 47.25 கிராம், இரண்டாவதற்கு 27.45 கிராம், ஆக மொத்தம் 74.7 கிராம். இதில் 5 சதவீதத்தைக் குறைத்து 71 கிராம் போடுவார்கள். அப்படிச் செய்தால் கொஞ்சம் எண்ணெய் வினைபுரியாமல் சோப்பிலேயே தங்கும். தோலுக்கும் இதம், சின்னப் பிழைகளையும் அது தாங்கிக்கொள்ளும். இதைத்தான் சூப்பர்ஃபேட் என்கிறார்கள். தண்ணீர், காஸ்டிக் சோடாவைப் போல இரண்டு மடங்கு, அதாவது 142 கிராம்.

அந்தக் கலவைக்குத் தேங்காய் எண்ணெய் கைவசம் இல்லை, 500 கிராமும் ஆலிவ் எண்ணெயாகவே ஊற்றிவிடலாம் என்று ஒருவர் நினைத்தால் என்ன ஆகும்? 500 கிராம் ஆலிவ் எண்ணெய் முழுவதும் மாறவே 67.5 கிராம் போதும். 71 கிராம் போட்டால் 3.5 கிராம் காஸ்டிக் சோடா வினைபுரிய ஆளில்லாமல் சோப்பிலேயே நிற்கும். எண்ணெயை மாற்றினால் கணக்கையும் மாற்றத்தான் வேண்டும். எந்த எண்ணெய்க்கு எவ்வளவு காஸ்டிக் சோடா என்று கணக்கிட்டுச் சொல்லும் இலவச லை கால்குலேட்டர்கள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. யார் கொடுத்த செய்முறையாக இருந்தாலும் அதில் ஒருமுறை போட்டுச் சரிபார்த்த பிறகே தொடங்குங்கள்.

மில்லி லிட்டரில் அளப்பது இன்னொரு வலை. 500 மில்லி ஆலிவ் எண்ணெய் தராசில் சுமார் 460 கிராம்தான் காட்டும். 500 கிராமுக்கு 5 சதவீதம் குறைத்துப் போட்ட கணக்கு 64 கிராம் காஸ்டிக் சோடா. ஆனால் 460 கிராம் எண்ணெய்க்கு மொத்தமே 62 கிராம்தான் வேண்டும். பாதுகாப்புக்கு வைத்த இடைவெளி முழுவதும் போய், அதற்கு மேலும் 2 கிராம் அதிகமாகிவிட்டது. கப்பும் ஸ்பூனும் இங்கே உதவாது. எண்ணெய், தண்ணீர், காஸ்டிக் சோடா மூன்றையும் டிஜிட்டல் தராசில் கிராமில் நிறுங்கள்.

முதல் தடவைதானே என்று 100 கிராம் எண்ணெயில் செய்து பார்ப்பதும் புத்திசாலித்தனம் போலத் தோன்றும். அந்த அளவுக்கு காஸ்டிக் சோடா சுமார் 14 கிராம். தராசு 1 கிராம் தவறினாலே 7 சதவீதப் பிழை. 5 சதவீதப் பாதுகாப்பு அங்கேயே காலி. 71 கிராமில் அதே 1 கிராம் தவறினால் ஒன்றரை சதவீதம்கூட இல்லை. எனவே தொடக்கத்துக்கு 500 கிராம் எண்ணெய் நல்ல அளவு.

கரைக்கும் நேரத்து அலட்சியம்

தண்ணீரில்தான் காஸ்டிக் சோடாவைப் போட வேண்டும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. காஸ்டிக் சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் ஒரே இடத்தில் சூடு குவிந்து கொதித்துத் தெறிக்கும். முறையாகச் செய்தாலும் தண்ணீர் முதலில் கலங்கி, பாத்திரம் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். வெப்பம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டிப்போவது சாதாரணம். குளிர்ந்த தண்ணீரில் தொடங்குங்கள். ஜன்னலைத் திறந்துவையுங்கள், எழும் ஆவியை முகத்தில் வாங்காதீர்கள்.

அலுமினியப் பாத்திரம், அலுமினியக் கரண்டி எதுவும் கூடாது. காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். பால், ஜூஸ் வரும் அட்டைப்பெட்டியை அச்சாக எடுப்பவர்கள் உள்பக்கம் பாருங்கள், வெள்ளிநிறப் பூச்சு இருந்தால் அதுவும் அலுமினியம்தான். கண்ணாடியும் வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாக அரிபட்டு ஒருநாள் சூட்டில் விரிசல் விடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அல்லது அடியில் 5 என்று எண் போட்ட பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் போதும். சோப்புக்கு எடுத்த பாத்திரத்தைச் சமையலுக்குத் திருப்ப வேண்டாம்.

கையுறை, முழுக்கை சட்டை, பக்கவாட்டிலும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி மூன்றும் கட்டாயம். இதில் கண்ணாடியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதுதான் பெரிய கவலை. கையில் பட்ட காயம் ஆறிவிடலாம், கண் அப்படி இல்லை. நிறுக்கும்போது சிதறும் காஸ்டிக் சோடா மணிகளையும் கவனியுங்கள். சில நிமிடங்களில் அவை காற்றின் ஈரத்தை இழுத்து, மேடையில் நிறமில்லாத சின்னத் துளிகளாகக் கிடக்கும், தண்ணீர் என்று நினைத்து வெறும் கையால் துடைக்கத் தோன்றும். விரல் வழவழவென்று இருந்தால் காரம் தோலில் வேலையைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

அப்போது வினிகரைத் தேடி ஓடாதீர்கள். ஓடும் குழாய் நீரில் நிறைய நேரம் கழுவுவதுதான் முதலுதவி. கண்ணில் பட்டால் குறைந்தது 20 நிமிடமாவது கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். கரைசலைக் குடிக்கும் டம்ளரிலோ பெயர் எழுதாத பாட்டிலிலோ ஒரு நிமிடம்கூட வைக்காதீர்கள். பார்வைக்கு அது வெறும் தண்ணீர்.

சமையலறைப் பொருட்களை அள்ளிப் போடுவது

எலுமிச்சைச் சாற்றில் தொடங்குவோம். தண்ணீருக்குப் பதில் சாற்றை ஊற்றினால், அதிலுள்ள சிட்ரிக் அமிலம் காஸ்டிக் சோடாவில் ஒரு பங்கைத் தின்றுவிடும். 1 கிராம் சிட்ரிக் அமிலத்துக்கு சுமார் 0.62 கிராம் காஸ்டிக் சோடா போகும். எண்ணெய்க்குப் போக வேண்டியது குறைந்து, சோப்பு இறுகாமல் பிசுபிசுக்கும். "காரத்தன்மையைக் குறைக்கலாம்" என்று செய்து முடித்த சோப்பில் எலுமிச்சை சேர்ப்பதும் தவறு. சோப்பின் பிஎச் இயல்பாகவே 9 முதல் 10 வரை இருக்கும். அதை அமிலம் விட்டு இறக்கினால் சோப்பே உடைந்து திரும்பக் கொழுப்பு அமிலமாகிவிடும்.

பாலைச் சூடான காஸ்டிக் கரைசலில் ஊற்றினால் பாலிலுள்ள சர்க்கரை கருகி ஆரஞ்சு, பழுப்பு என்று நிறம் மாறும், வாடையும் அடிக்கும். எளிய வழி இருக்கிறது: மேலே சொன்ன கலவையில் 71 கிராம் காஸ்டிக் சோடாவை 71 கிராம் தண்ணீரில் மட்டும் கரைத்து ஆறவிட்டு, மீதி 71 கிராமுக்குப் பாலை எண்ணெயில் கலந்துகொள்ளுங்கள். தேனிலும் சர்க்கரைதான், அது கலவையின் சூட்டை ஏற்றி, அச்சில் ஊற்றிய சோப்பை நடுவில் உப்பி வெடிக்கவைக்கும். 500 கிராம் எண்ணெய்க்கு ஒரு டீஸ்பூன் தாராளம். தேன் சேர்த்த சோப்பைப் போர்வை சுற்றி வைக்காதீர்கள்.

மஞ்சள் பலரை ஏமாற்றும். துணியில் பட்ட மஞ்சள் கறையைச் சோப்பு போட்டுத் துவைத்தால் சிவக்கும் இல்லையா, சோப்புக் கலவையிலும் அதேபோல முதலில் சிவந்துதான் நிற்கும். பிறகு நிறம் தணியும், வெளிச்சத்தில் வைத்தால் வெளுத்தும் போகும். அரை டீஸ்பூனுக்கு மேல் போட்டால் துண்டில் ஒட்டும். பச்சை இலைகள், பூவிதழ்கள் கலவைக்குள் போனால் சில நாளில் பழுப்பாகிவிடும். காபித்தூள் முகத்தைக் கீறும், அதைக் கை கழுவும் சோப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எண்ணெயிலும் ஒரு வார்த்தை. சூரியகாந்தி எண்ணெய் விலை பார்த்து அதிகம் சேர்க்கத் தோன்றும், ஆனால் அது சீக்கிரம் சிக்குவாடை அடித்து, சோப்பில் ஆரஞ்சுப் புள்ளிகள் விழும். முழுக்கத் தேங்காய் எண்ணெயில் செய்தால் நுரை பொங்கும், தோல் வறண்டுவிடும். அப்படிச் செய்தே ஆக வேண்டுமென்றால் சூப்பர்ஃபேட்டை 20 சதவீதம் வரை உயர்த்துங்கள். பொரித்து மிஞ்சிய எண்ணெய் பாத்திரம் தேய்க்கும் சோப்புக்கு மட்டும்.

கலக்குவதில் ஒரு ஏமாற்று

எண்ணெயும் கரைசலும் 35 முதல் 45 டிகிரிக்குள் இருக்கும்போது கலந்தால் நல்லது. கலவை கெட்டியாகி, கரண்டியில் எடுத்து ஊற்றினால் மேலே கோடு நிற்கும் பதத்தை ட்ரேஸ் என்பார்கள். எண்ணெய் ஆறியிருந்தால் தேங்காய் எண்ணெய் உறைந்து அதே தோற்றம் வந்துவிடும். நம்பி அச்சில் ஊற்றினால் உள்ளே வினை நடக்காமல் எண்ணெய் பிரியும். சந்தேகம் வந்தால் லேசாகச் சூடுகாட்டிப் பாருங்கள். இளகிவிட்டால் அது ட்ரேஸ் இல்லை. ஹேண்ட் பிளெண்டரை விடாமல் ஓட்டுவதும் கூடாது. சில நொடி ஓட்டி, சில நொடி கையால் கிளறுங்கள். கிராம்பு, லவங்கப்பட்டை எண்ணெய்கள் தோலையும் உறுத்தும், கலவையையும் கண்முன்னே கல்லாக்கிவிடும். முதல் சோப்பை வாசனை இல்லாமலே செய்யுங்கள்.

காயும் முன்பே குளிப்பது

ஒன்றிரண்டு நாளில் சோப்பு வெட்டும் பதத்துக்கு வந்துவிடும். வினையும் பெரும்பாலும் முடிந்திருக்கும். ஆனாலும் துண்டுகளைக் காற்றோட்டமான இடத்தில் இடைவெளி விட்டு 4 முதல் 6 வாரம் அடுக்கிவைக்க வேண்டும். தண்ணீர் வற்றி இறுகினால்தான் குளியலறையில் கரைந்து ஓடாமல் நிற்கும், தோலுக்கும் மென்மையாக இருக்கும். ஆலிவ் எண்ணெய் அதிகமிருந்தால் இன்னும் கூடுதலாகக் காத்திருப்பது நல்லது.

மேலே வெள்ளைப் பொடி படிந்திருந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் காற்றோடு வினைபுரிந்து உண்டான சோடா அது, துடைத்தால் போய்விடும். ஆனால் வெட்டும்போது சுண்ணாம்பு போல் பொடிந்து உதிர்ந்தாலோ, குழிகளில் தெளிந்த திரவம் நின்றாலோ காஸ்டிக் சோடா கூடியிருக்கலாம். அந்தத் துண்டை வெறும் கையால் தொடாமல், அன்றைக்கு எழுதிவைத்த அளவுகளைத் திரும்பக் கூட்டிப் பாருங்கள். எவ்வளவு எண்ணெய் குறைந்தது என்று கணக்கில் தெரிந்தால், சோப்பைத் துருவி, கொஞ்சம் தண்ணீரும் குறைந்த எண்ணெயும் சேர்த்து மெல்லிய சூட்டில் மறுபடி உருக்கலாம். தெரியவில்லை என்றால் அந்தச் சோப்பு குளிக்க வேண்டாம், கை கழுவவும் வேண்டாம்.