மூலையில் ஒரு பூ: நோட்டீஸ் வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"தம்பி, அந்த மூலை சும்மா கெடக்குதே, ஒரு பூவப் போட்டுடுங்க." டிடிபி கடையில், அதாவது கணினியில் அச்சுப்பக்கம் அமைத்துத் தரும் கடையில், வேலை பார்த்த நாட்களில் நான் அதிகம் கேட்ட பேச்சு இதுதான். கேட்டவர்களுக்கெல்லாம் போட்டும் கொடுத்திருக்கிறேன். பூவுக்குத் துணையாக ஒரு பார்டர், பின்னணியில் மங்கலாக ஒரு கோபுரம், பெயர்களுக்குத் தங்க நிறம். எல்லாம் முடிந்தபின் விழா எத்தனை மணிக்கு என்று நோட்டீஸில் தேட வேண்டியிருக்கும்.

வடிவமைப்புப் பாடத்தில் கோடு, வடிவம், நிறம், வெளிர்மை–அடர்மை, இழைநயம் (பரப்பின் சொரசொரப்பு, வழவழப்பு), வெளி (காலி இடம்) என்று அடிப்படைக் கூறுகளைச் சொல்லித் தருவார்கள். அடுத்து சமநிலை, முரண், விகிதம், தாளம், ஒருமை என்று கோட்பாடுகள். பட்டியல் ஒரு நாளில் மனப்பாடம் ஆகிவிடும். ஆனால் ஒவ்வொன்றையும் தனியாக எடுத்து 'நல்லா இருக்கா?' என்று பார்க்கிறோமே, அங்கேதான் சறுக்குகிறோம். பக்கத்தில் எது இருக்கிறது என்று பார்க்காமல் எந்த நிறத்தையும் நல்லது, கெட்டது என்று சொல்ல முடியாது.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. பாரிஸில் கோபெலான் திரைச்சீலை ஆலையின் சாயப் பிரிவுக்கு 1824-ல் தலைமை ஏற்றவர் மிஷெல் செவ்ரோல் என்ற வேதியியலாளர். கறுப்பு நூல் போதிய கறுப்பாக இல்லை, நீலத்தோடும் ஊதாவோடும் சேர்த்தால் வெளிறித் தெரிகிறது என்று அங்கே புகார். நூலைச் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குறையே இல்லை. பக்கத்து நிறம்தான் கண்ணை ஏமாற்றியிருக்கிறது. இதை விரித்து 1839-ல் பெரிய புத்தகமாகவே எழுதினார். அதனால் வண்ணப் பட்டியலில் விரல் வைத்து "இந்தச் சிவப்புதான் வேணும்" என்பவரிடம், அந்தச் சிவப்பை அதன் பின்னணியோடு சேர்த்துக் காட்டாமல் சரி வாங்கக் கூடாது.

நிறத்தில் நடக்கும் பெரிய தவறு, நிறம் வேறாக இருந்தாலே எழுத்து தெரியும் என்று நம்புவது. பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்து பளிச்சென்றுதான் தோன்றும். அதையே கறுப்பு-வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்தால் பெரும்பாலும் இரண்டும் ஒரே சாம்பலாகிவிடும். சிவப்பு-பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்கும் ஏறக்குறைய அதே கதிதான். வாசிக்க உதவுவது வெளிர்மைக்கும் அடர்மைக்கும் உள்ள வித்தியாசம். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தாலே போதும், எந்த வரி கரைந்து போகிறது என்று தெரிந்துவிடும்.

தமிழில் வடிவமைப்பவர்களுக்கு என்று தனியாகச் சில தவறுகள் உண்டு. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து இருக்கிறது, சாய்வெழுத்து இருக்கிறது. தலைப்பை அவற்றாலேயே தூக்கிக் காட்டலாம். தமிழில் பெரிய எழுத்து கிடையாது. சாய்வென்று மென்பொருள் தருவது பெரும்பாலும் நேர் எழுத்தைத் தள்ளிச் சாய்த்ததுதான். நமக்கு மிஞ்சுவது அளவு, தடிமன், சுற்றியுள்ள இடம் மூன்றும். இருக்கும் மூன்றையும் எல்லா வரிக்கும் வாரி வழங்கிவிட்டால் தலைப்புக்கு எதைக் கொடுப்பது?

ஆங்கிலத் தலைப்புகளைப் பார்த்து எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விடுவது இன்னொரு வினை. 'கொ' என்பதில் கொம்பு, ககரம், கால் என்று மூன்று துண்டுகள். இடைவெளி கூடினால் கொம்பு முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். தனியே நிற்கும் கால் 'ர' போலத் தெரியும். வரி இடைவெளியிலும் இதே சிக்கல். மேலே புள்ளியும் 'ீ' சுழியும், கீழே 'ழு', 'ஞு' போன்றவற்றின் வால்களும் நம் எழுத்தில் நிறைய இடம் கேட்கும். ஆங்கிலத்துக்கு வைத்த அளவை அப்படியே விட்டால் மேல்வரியின் வால் கீழ்வரியின் சுழியில் போய் முட்டும். இரு ஓரமும் சமமாக வரும்படி பத்தியை இழுப்பதையும் ஒடுங்கிய பத்திகளில் தவிர்க்கலாம். நம் சொற்கள் நீளமானவை. மூன்றே சொல் உள்ள வரியில் நடுவில் பள்ளம் விழும்.

பெயர் இடத்தை நிரப்பவில்லை என்று அதை அகலவாக்கில் இழுக்கிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். செங்குத்துக் கோடுகள் மட்டும் தடிக்கும், படுக்கைக் கோடுகள் அப்படியே இருக்கும். சுவாமிமலையில் சிலை வார்க்கும் ஸ்தபதிகள் சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, அதை மடித்து மடித்துத்தான் முகம், மார்பு, கால் என்று அளவு குறிப்பார்கள். உத்தம தசதாளம் என்ற சிலை அளவு முறையில் மொத்த உயரம் 124 பங்கு. சிலை சிறிதானால் ஓலையும் சிறிதாகும், எல்லா உறுப்பும் சேர்ந்தே சிறிதாகும். கையை மட்டும் தனியாக இழுக்க வழியே இல்லை.

சமநிலை என்றவுடன் எல்லாவற்றையும் நடுவில் வைப்பதும் இப்படித்தான். நடராசரைப் பாருங்கள். இடக்கால் வலப்பக்கம் வீசித் தூக்கியிருக்கிறது, இடக்கை ஒன்றும் உடம்பைக் கடந்து அதே பக்கம் போகிறது. இடமும் வலமும் ஒன்றல்ல. முயலகன்மேல் ஊன்றிய கால், விரிந்த சடை, சுற்றி வரும் திருவாசி எல்லாம் சேர்ந்து பாரத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. நோட்டீஸிலும் ஒரு பக்கம் பெரிய படத்தை வைத்து, மறுபக்கம் சின்னத் தலைப்பைச் சுற்றி நிறைய இடம் விட்டால் தராசு நேராகவே நிற்கும். சும்மா கிடக்கும் மூலைக்கும் எடை உண்டு. பூ போட்டதும் அந்த எடை போய்விடும்.

இடைவெளிகளை எல்லாம் ஒரே அளவில் வைப்பதும் கூடாது. அருகருகே இருப்பவற்றைக் கண் ஒரு கூட்டமாகச் சேர்த்துக்கொள்கிறது என்று ஜெர்மனியில் பணியாற்றிய உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1923-லேயே எழுதியிருக்கிறார். தேதியும் நேரமும் ஒட்டி இருக்கட்டும், இடம் அதற்குப் பக்கத்தில். அழைப்பவர்கள் பெயர் கொஞ்சம் தள்ளி. இதற்கு நடுவில் கோடு போட வேண்டியதே இல்லை.

அச்சுக்குப் போகும் முன் இரண்டு விஷயம். திரையில் மின்னும் பச்சையும் நீலமும் மையில் அப்படி வராது. ப்ரூஃப் எடுத்துக் காட்டிவிடுங்கள், பிறகு சண்டை வராது. சின்ன எழுத்துகளுக்குத் தனிக் கறுப்பு மை மட்டும் போதும். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு மையும் கலந்த கறுப்பில் அடித்தால், அச்சுத் தகடு மயிரிழை விலகினாலும் எழுத்தோரத்தில் சிவப்பும் நீலமும் எட்டிப் பார்க்கும், முதலில் அடைபடுவது மெய்யெழுத்தின் புள்ளியாகத்தான் இருக்கும்.