சி நிரலில் குறியுள்ள எண்ணையும் குறியற்ற எண்ணையும் பிரித்துக் காட்டுதல்

சாதனத்திலிருந்து வரும் பைட்டுகளை வெறும் 'சார்' வகையில் வைக்காதீர்கள். அது குறியுள்ளதா (எதிர்ம மதிப்பையும் ஏற்பதா), குறியற்றதா (சுழியையும் நேர்ம மதிப்பையும் மட்டும் ஏற்பதா) என்பதைச் சி மொழியின் தரநிலை, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரின் முடிவுக்கே விட்டிருப்பதால், 200 என்ற பைட் எக்ஸ்86 செயலியில் ஓடும் லினக்ஸில் −56 ஆகவும் ஆர்ம் செயலியில் ஓடும் லினக்ஸில் 200 ஆகவும் படிக்கப்படும். மூல பைட்டுகளுக்கு 'யுஇன்ட்8_டி' என்றும், எதிர்ம மதிப்பு வரக்கூடிய அளவீடுகளுக்கு 'இன்ட்16_டி' என்றும் அறிவியுங்கள்.

ஒப்பீடுகளில்தான் மிகுந்த கவனம் தேவை. 'இன்ட்' வகையிலுள்ள −1ஐக் குறியற்ற 'இன்ட்' வகையிலுள்ள 1உடன் ஒப்பிட்டால், முன்னது குறியற்றதாக மாற்றப்பட்டு, 'இன்ட்' 32 பிட்டாக உள்ள அமைப்பில் 4294967295 ஆகிவிடுவதால், அதுவே பெரியது என்று விடை வரும். ஆகவே மதிப்பு சுழிக்குக் கீழ் உள்ளதா என்று முதலில் சோதித்து, அதன் பிறகே வெளிப்படையான வகைமாற்றத்துடன் ஒப்பிடுங்கள். சோதிக்காமல் இடும் வகைமாற்றம் கம்பைலர் தரும் எச்சரிக்கையை அடக்குமே தவிரப் பிழையை நீக்காது. ஜிசிசி கம்பைலரில் சி நிரல்களுக்கு 'டபிள்யூஆல்' (-Wall) என்ற எச்சரிக்கைத் தேர்வு மட்டும் இந்த எச்சரிக்கையைத் தராது என்பதால் 'டபிள்யூஎக்ஸ்ட்ரா'வையும் (-Wextra) சேர்த்துக்கொள்ளுங்கள்.