வக்பு ஆய்வுகள் எந்தப் பக்கம் போகின்றன? தலைப்புத் தேடும் மாணவர்களுக்கு ஒரு செய்முறை

ஒலுவில் கெம்பஸில் (இலங்கையின் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில்) வக்பு, அதாவது அறப்பணிக்கென நிரந்தரமாக எழுதிவைக்கும் சொத்து, பற்றி ஆய்வேடு எழுத நினைக்கும் பலர், "பள்ளிவாசல் சொத்து நிர்வாகம்" என்று தலைப்பைப் போட்டுவிட்டுத்தான் வாசிக்கவே தொடங்குகிறார்கள். அதைத் திருப்பிச் செய்யுங்கள். யார் எதை எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத் தலைப்புக்கு வாருங்கள்.

படி 1: தரவுத்தளம். ஆய்வுக் கட்டுரைகளின் விவரங்களைத் தேடித்தரும் ஸ்கோபஸ் கட்டணத் தளம். நூலகத்தில் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் லென்ஸ் தளம் இலவசம். தேடல் முடிவுகளை மொத்தமாக ஒரு கோப்பில் இறக்கலாம்.

படி 2: தேடற்சொல். அவசரப்படக் கூடாத இடம் இதுதான். ஆங்கிலத்தில் வக்பை 'கியூ' போட்டும் எழுதுவார்கள், 'கே' போட்டும் எழுதுவார்கள். நமது 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்புச் சட்டத்தில் இருப்பது 'கே'. கியூவை மட்டும் தேடினால் இலங்கை, இந்தியச் சட்டக் கட்டுரைகள் பல தப்பிவிடும். மலாய், இந்தோனேசிய மொழிகளின் 'வகாஃப்', துருக்கியரின் 'வகிஃப்', பன்மையான 'அவ்காஃப்', வட ஆப்பிரிக்காவின் 'ஹபூஸ்' எல்லாவற்றையும் 'அல்லது' போட்டு ஒரே தேடலில் சேருங்கள்.

படி 3: களையெடுப்பு. குர்ஆன் ஓதும்போது நிறுத்துவதும் வக்புதான் என்பதால் தஜ்வீத் (குர்ஆன் ஓதும் முறை) கட்டுரைகளும் கூடவே வந்து நிற்கும். தலைப்பைப் பார்த்து நீக்குங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் கையால்தான் செய்ய வேண்டும்.

படி 4: வரைபடம். லெய்டன் பல்கலைக்கழகத்தின் விஓஎஸ்வியூவர் இலவச மென்பொருள். கோப்பைக் கொடுத்தால், சேர்ந்து வரும் சொற்களைக் கொத்துக் கொத்தாக வரைந்து காட்டும். முதலில் ஒரே பொருளுள்ள சொற்களை இணைக்கும் சிறு பட்டியலொன்றைக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் படி 2இல் சேர்த்த எழுத்துக்கூட்டல்கள் தனித்தனி வட்டங்களாக நிற்கும்.

படி 5: வாசிப்பு. ஆண்டுவாரியான நிறப் பார்வையில் நீலம் பழையது, மஞ்சள் புதியது. வரலாறும் சட்டமும் பழைய பக்கத்திலும், பண வக்பு, சுகூக் (இஸ்லாமிய நிதிப் பத்திரம்), பிளாக்செயின் (மின்னணுப் பதிவேட்டுத் தொழில்நுட்பம்) போன்றவை புதிய பக்கத்திலும் விழுவதைக் காண்பீர்கள். புதியவற்றில் பெரும்பங்கு மலேசியா, இந்தோனேசியா. இந்தோனேசியாவின் 2004ஆம் ஆண்டு வக்புச் சட்டம் பணத்தையும் வக்பு செய்ய இடம் கொடுத்தது. சரி, மஞ்சளாக இருப்பதெல்லாம் புதுச் சிந்தனையா? இல்லை. பண வக்பு கூடுமா கூடாதா என்று உஸ்மானிய (துருக்கி) பேரரசின் அறிஞர்கள் 16ஆம் நூற்றாண்டிலேயே சண்டை பிடித்துவிட்டார்கள்.

அப்புறம், வரைபடத்தில் நம்முடைய ஊர்கள் இல்லையே என்று "இதுவரை யாரும் ஆராயவில்லை" என எழுதிவிடாதீர்கள். தமிழில் வரும் மாநாட்டுக் கட்டுரைகளில் பல இந்தத் தளங்களுக்குள் ஏறுவதே இல்லை. தென்கிழக்குப் பல்கலைக்கழக நூலகத்தின் எண்ணிமக் களஞ்சியத்தில் தனியாகத் தேடுங்கள். அங்கும் கிடைக்காவிட்டால் துணிந்து கேள்வியைக் கட்டலாம்: பள்ளிவாசலுக்கு எழுதிவைத்த வயலின் குத்தகையை யார், எப்படித் தீர்மானிக்கிறார்கள்? 2004 சுனாமிக்குப் பிறகு கல்முனைக் கரையோரத்து வக்புக் காணிகள் என்னவாயின? இப்படியொன்றை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலை நிர்வகிக்கும் நம்பிக்கையாளர் சபையிடம் போகும்போது, பதிவேடுகளைப் பார்க்க அனுமதி கேட்டு, துறைத் தலைவரின் கடிதமொன்றையும் கையில் கொண்டுபோங்கள்.